பழந்தாளும் புதுத்தரவும்: இந்தியப் பறவை நோக்கர் குழுக்களின் பதிவு வரலாறு

2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் குஜராத் மாநிலம் காந்திநகரில், வலசைபோகும் உயிரினங்களின் பாதுகாப்பு குறித்த பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. அம்மாநாட்டில் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையொன்று வெளியிடப்பட்டது. 867 பறவையினங்களைப் பற்றிய மதிப்பீடு அதில் இடம்பெற்றது. அம்மதிப்பீட்டுக்கு அடிப்படையாக அமைந்தவை ஒரு கோடிக்கும் மேற்பட்ட களப்பதிவுகளாகும். அவற்றை அளித்தோர் 15,500க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர். இவர்களுள் பெரும்பாலோர் விலங்கியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஊதியம் பெற்றவரும் அல்லர். ஒருவரையொருவர் நேரில் கண்டறியாதவர். இ-பேர்டு என்னும் இணையத்தளத்தின் வழியாக ஒன்றுசேர்ந்தவர்கள்.

இணையத்தில் உருவாகும் குழுக்கள் தொழில்நுட்பத்தைச் சுற்றியும், விளையாட்டைச் சுற்றியும், இயற்கையைச் சுற்றியும் அமைவதைப் பரவலாகக் காணலாம். பறவை நோக்குவோர் குழுவில் இம்மூன்றும் ஒருங்கே கலந்துள்ளன. கையிலுள்ள கருவியோ தொழில்நுட்பம். பட்டியலை நீட்டுவதில் ஒருவரையொருவர் விஞ்சும் ஆவலோ விளையாட்டு. நோக்கப்படும் பொருளோ இயற்கை. இதனை இணையம் ஈன்ற புதுமை என்று கொள்வோர் உளர். அது பொருந்தாது. தொலைவிலிருப்போர் தாம் கண்டதை எழுதியனுப்ப, ஓரிடத்தில் அவை தொகுக்கப்பெறும் முறை இந்நாட்டில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. அவ்வாறு தொகுக்கப்பெற்ற பதிவு எவ்வாறு நம்பத்தக்கதாயிற்று, எவ்வாறு பொய்த்தது, எவ்வாறு அழிந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹியூமின் மடல் வலை

இந்திய தேசிய காங்கிரசின் தோற்றத்தோடு இணைத்து அறியப்படும் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், தம் காலத்தில் இந்தியப் பறவையியலின் மையமாகவும் விளங்கியவர். 1872இல் அவர் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். ஆட்சிப் பணியிலும் படையிலும் இருந்த அலுவலர் பலர் தத்தம் பணியிடங்களிலிருந்து அவருக்குக் குறிப்புகளையும் பறவைத் தோல்களையும் முட்டைகளையும் அனுப்பினர். சிம்லாவில் இருந்த அவருடைய இல்லம் இவையனைத்தும் வந்து சேரும் இடமாயிற்று. அனுப்பியவர் பெயரோடு குறிப்பு அச்சேறியது. அதனை மறுத்து மற்றொருவர் எழுதினால் அதுவும் அச்சேறியது. இன்றைய இணையக் குழுக்களில் சில நிமிடங்களில் நடந்து முடியும் உரையாடல் அன்று சில மாதங்கள் எடுத்துக்கொண்டது என்பதே வேறுபாடு.

ஹியூம் இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதத் திட்டமிட்டிருந்தார். அதன்பொருட்டு இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொகுத்த கைப்படிகள் சிம்லா இல்லத்தில் இருந்தன. 1880களின் நடுவில் அவர் வெளியே சென்றிருந்த காலத்தில் வேலையாள் ஒருவர் அவற்றைப் பழந்தாளாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டார். நூல் திட்டம் கைவிடப்பட்டது. 1885இல் ஏறத்தாழ 80,000 அளவிலான தோல்களும் முட்டைகளும் இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகச் சென்றன. அவற்றைக் கட்டி எடுத்துச் செல்ல பௌட்லர் ஷார்ப் என்னும் அறிஞர் சிம்லாவுக்கே வந்தார். எஞ்சியவை அச்சான இதழ்த் தொகுதிகளும் கடல்கடந்த தோல்களுமேயன்றி, அவற்றை இணைத்துப் பொருள்கூற வல்ல கையெழுத்துக் குறிப்புகள் அல்ல. ஏட்டுச் சுவடிகளின் அழிவைப் பற்றி எழுதிவந்த தமிழ்ப் பதிப்பாளர் உலகுக்கு இச்செய்தி அயலானதன்று.

1883 செப்டம்பரில் பம்பாயில் எண்மர் கூடி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நிறுவினர். அவர்களுள் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் ஆகிய இருவர் இந்திய மருத்துவர், ஏனையோர் ஆங்கிலேயர். மறு ஆண்டு அக்கழகத்துக்கு இடமளித்தவர் பிப்சன் என்னும் மது வணிகர். அவர் கடையின் ஓர் அறையிலேயே கழகம் சில காலம் இயங்கியது. 1886 முதல் வெளிவரும் அதன் ஆய்விதழில், இதர குறிப்புகள் என்னும் பகுதி தொழில்முறை அறிஞர் அல்லாதார்க்கு உரிய களமாயிற்று. பதிவு தனியொருவர் வீட்டை விட்டு ஒரு நிறுவனத்தின் கைக்கு மாறியதை இங்குக் காண்கிறோம். ஹியூமின் இழப்பைக் கருதும்போது இம்மாற்றத்தின் சிறப்பு விளங்கும்.

பொய்ச்சீட்டு ஒன்றின் கதை

பதிவு பேணப்பட்டால் மட்டும் போதுமா என்னும் வினாவுக்குக் காட்டுச் சிற்றாந்தையின் வரலாறு விடை தருகிறது. நடு இந்தியாவின் காடுகளில் வாழும் இச்சிற்றாந்தையை 1873இல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் ஹியூமே முதன்முதலாக விவரித்தார். அதனைச் சேகரித்து அனுப்பிய பிளெவிட் என்பவரின் பெயரை அதற்கு இட்டார். மடல் வலையின் பயன் இதுவென எடுத்துக்காட்டத்தக்க பறவை அது. பின்னர், கான்தேசப் பகுதியில் பணியாற்றிய ஜேம்ஸ் டேவிட்சன் 1880களில் மேலும் சிலவற்றைச் சேகரித்தார். 1884க்குப் பின் ஐயத்துக்கு இடமற்ற பதிவு ஒன்றுகூட இல்லை.

ஆயினும் 1914இல் குஜராத்தின் மாண்டவியில் கிடைத்ததாகச் சீட்டு இணைக்கப்பெற்ற தோல் ஒன்று இலண்டனில் இருந்தது. அதனை அளித்தவர் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்னும் புகழ்பெற்ற படைத்தலைவர். அவர் சொல்லை ஐயுறுவார் பெரும்பாலும் இலர். ஆந்தையைத் தேடியவர்கள் அச்சீட்டையும் சான்றாகக் கொண்டனர். சலீம் அலி, டில்லன் ரிப்ளி ஆகியோர் மேற்கொண்ட தேடலும் பயன் தரவில்லை. இனம் அற்றுப்போயிற்று என்றே பலரும் கருதலாயினர்.

1990களில் அமெரிக்க அறிஞர் பமீலா ராஸ்முசன் அருங்காட்சியகத் தோல்களை நுணுகி ஆராய்ந்தார். பறவைத் தோலைப் பதப்படுத்தித் திணிக்கும் முறையில் ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. 1914 என்று சீட்டிட்ட தோலில் டேவிட்சனின் கைப்பழக்கம் வெளிப்பட்டது. டேவிட்சன் சேகரித்த தோலொன்றைத் திருடி, மறுபடியும் தைத்து, பொய்யான இடமும் காலமும் எழுதி மைனர்ட்ஸ்ஹாகன் தமதாக்கிக்கொண்டார் என்பது தெளிவாயிற்று. அச்சீட்டைப் புறக்கணித்து, உண்மையான பழம்பதிவுகள் சுட்டிய இடங்களில் ராஸ்முசன் உள்ளிட்ட மூவர் தேடினர். 1997 நவம்பர் 25இல் மகாராட்டிரத்தின் சகாதாவுக்கு அருகில் அவ்வாந்தை பகல் வெளிச்சத்தில் மரக்கிளையில் அமர்ந்திருக்கக் கண்டனர். நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் 'காணாமற்போன' பறவை, டேவிட்சன் எழுதிவைத்த நிலப்பகுதியிலேயே இருந்தது.

இடைச்செருகலைக் கண்டு நீக்கியபின் பாடலின் பொருள் தெளிவது போன்ற நிகழ்ச்சி இது. சுவடிக்குச் சுவடி எழுத்தமைதியை ஒப்பிடும் பதிப்பாசிரியரின் முறையும், தோலுக்குத் தோல் திணிப்பமைதியை ஒப்பிட்ட ராஸ்முசனின் முறையும் அடிப்படையில் ஒன்றே. சான்றோர் சொல் என்பதனாலேயே சான்றாகிவிடாது என்னும் படிப்பினையைப் பறவையியலார் மிகுந்த விலைகொடுத்துப் பெற்றனர்.

தில்லியும் தட்டச்சு மடலும்

விடுதலைக்குப் பின் துப்பாக்கியின் இடத்தைத் தொலைநோக்கி பிடித்தது. 1941இல் வெளிவந்த சலீம் அலியின் 'இந்தியப் பறவைகள் நூல்' இம்மாற்றத்துக்கு வழிகோலியது. 1950இல் தில்லிப் பறவை நோக்கர் கழகம் தோன்றிற்று. காந்தியடிகளின் நண்பரும் குவேக்கர் சமயத்தவருமான ஹொரேஸ் அலெக்சாண்டரும், படைத்துறைப் பொறியாளர் ஹெரால்டு வில்லியம்சும் அதனை நிறுவியோர். யமுனைக் கரையிலும் ஓக்லாவிலும் அதன் உறுப்பினர் எடுத்த குறிப்புகள் பின்னர் நூலாக உருப்பெற்றன. உஷா கங்குலி எழுதிய தில்லி வட்டாரப் பறவைகள் பற்றிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1975இல் வெளிவந்தது. ஒரு நகரின் தன்னார்வலர் குறிப்புகள் நூல்வடிவம் பெற்ற முறையில் அதனை முன்னோடி நூலெனலாம்.

1960இல் ஜாபர் ஃபதேஹல்லி 'பறவை நோக்கர் செய்திமடல்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது தட்டச்சு செய்து சுருள்பொறியில் படியெடுத்து அனுப்பப்பெற்றது. தேயிலைத் தோட்ட மேலாளர், வனத்துறை அலுவலர், கல்லூரி ஆசிரியர், இல்லத்தரசியர் எனப் பலதிறத்தார்க்கு ஏற்ற இதழ் அது. 2003 வரை அவரே ஆசிரியராக இருந்தார். நாற்பதாண்டுக்கு மேல் ஒருவரே நடத்திய இம்மடலை இணையக் குழுக்களின் நேர்மூத்தோன் எனலாம். தகவல், ஐயம், மறுப்பு, பெருமை பேசல் ஆகிய எல்லாம் அதில் உண்டு. சென்னையில் 1978இல் தோன்றிய இயற்கையாளர் கழகமும் இவ்வகைப்பட்டதே.

எனினும் இவ்விதழ்களுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. எழுதியோர் அரியதையே எழுதினர். புதிய இடத்தில் ஒரு வாத்தைக் கண்டால் மடல் எழுந்தது. வாயிலில் நாள்தோறும் வந்த குருவியை எண்ணி எழுதியவர் அரியர். இக்குறையின் விளைவு பின்னாளில் வெளிப்பட்டது. சிட்டுக்குருவி அழிந்துவருகிறது என்னும் குரல் 2000க்குப் பின் நாடெங்கும் எழுந்தது. கைப்பேசிக் கோபுரங்களே காரணம் என்றும் பேசப்பட்டது. 2010 முதல் மார்ச் 20 உலகக் குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2012இல் தில்லி அரசு அதனைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. ஆனால் முன்பு எத்தனை இருந்தன என்று கேட்டால் காட்டுவதற்குத் தொடர்ச்சியான கணக்கு எவரிடமும் இல்லை. தம் வாழ்க்கை வரலாற்றுக்கே குருவியின் பெயரைத் தலைப்பாக்கிய சலீம் அலியின் நாட்டில் நிலைமை இது.

இணையப் பட்டியல்

2007இல் பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் 'இந்தியன் பேர்ட்ஸ்' இதழும் இணைந்து, வலசைப் பறவைகளின் வருகை நாளை இணையத்தில் பதியும் திட்டத்தைத் தொடங்கின. முதலில் ஒன்பது இனங்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. அமெரிக்காவின் கார்னல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இ-பேர்டு, 2010இல் உலகம் முழுமைக்கும் விரிந்தது. 2014இல் இந்தியாவில் பல குழுக்கள் இணைந்து 'பேர்டு கவுண்ட் இந்தியா' என்னும் கூட்டமைப்பை உருவாக்கின. தமிழகத்தில் பொங்கல் விழாவை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பு இவ்வியக்கத்தைச் சார்ந்தது.

இத்தளத்தின் அமைப்பில் கருதத்தக்கது ஒன்றே. பதிவர் தாம் இருந்த இடம், தொடங்கிய நேரம், செலவிட்ட நேரம், நடந்த தொலைவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பின்னர், அடையாளங்கண்ட பறவைகள் அனைத்தையும் பட்டியலில் சேர்த்தாரா என்னும் வினாவுக்கு விடையளிக்க வேண்டும். ஆம் எனின் அது முழுப் பட்டியல். காகத்தையும் மைனாவையும் விடாமல் எழுதிய பட்டியலில் குருவி இல்லையெனில், அங்குக் குருவி காணப்படவில்லை என்பதும் ஒரு செய்தியாகிவிடுகிறது. இன்மையும் தரவாகும் நுட்பம் இது. ஹியூமின் மடல்களாலும் ஃபதேஹல்லியின் செய்திமடலாலும் இயலாதது இதனால் இயன்றது. 2020ஆம் ஆண்டு அறிக்கை, நாடு தழுவிய அளவில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் நிலையாகவே உள்ளது என்றும், சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத்து ஆகிய பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் காட்டியது. நகரத்தார் கண்டது பொய்யன்று. அதனை நாடு முழுமைக்கும் ஏற்றியுரைத்ததே பிழை.

இவ்வமைப்பில் பொய்ச்சீட்டுக்கு இடமில்லையா? உண்டு, ஆனால் குறைவு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் திங்களுக்கும் எதிர்பார்க்கத்தக்க இனங்களும் எண்ணிக்கையும் முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளன. அவ்வரம்பை மீறிய பதிவு தனியே நிறுத்தப்படுகிறது. அவ்வட்டாரத்தை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் பதிவரிடம் படமோ விளக்கமோ கேட்கிறார். மைனர்ட்ஸ்ஹாகனின் பெயருக்கு அஞ்சி எவரும் கேளாதிருந்த வினாவை, இன்று கல்லூரி மாணவர் ஒருவர் மூத்த அறிஞரிடம் கேட்க முடிகிறது. இதில் மனத்தாங்கல்கள் எழுவதும் இயல்பே.

விளையாட்டுக் கூறு ஐயத்துக்கும் இடந்தருகிறது. 2005இல் மும்பையில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய பறவைப் பந்தயத்தில், ஒரே நாளில் மிகுதியான இனங்களைக் காண்போர் வெல்வர். இ-பேர்டு தளமும் மாவட்டம், மாநிலம், நாடு என்னும் அளவுகளில் பதிவர்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இவ்வரிசை அரியதை நோக்கியே மக்களை மறுபடியும் இழுக்கிறது. பழைய குறை புதிய உருவில் வருகிறது. அரிய பறவையின் இருப்பிடம் வெளிப்பட்டால் கூட்டமும் வேட்டையும் தொடரும் என்பதனால், 2017 முதல் இடருக்குள்ளாகத்தக்க சில இனங்களின் இடக்குறிப்பைத் தளம் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வருகிறது. எனினும் பந்தயத்தின் பொருட்டு வந்தோர் பலர் பின்னர் முழுப் பட்டியல் எழுதும் பழக்கத்துக்கு ஆட்பட்டனர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

மற்றொரு குறை பரப்பளவைச் சார்ந்தது. பட்டியல்கள் ஆர்வலர் வாழும் இடங்களிலும் அவர்கள் விரும்பிச் செல்லும் நீர்நிலைகளிலும் குவிகின்றன. கேரளத்தார் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பகுத்து, முன்கூட்டியே தெரிந்தெடுத்த சிறு கட்டங்களுக்கு ஆர்வலர் செல்லவேண்டும் என வகுத்தனர். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பங்கேற்று 25,000க்கு மேற்பட்ட பட்டியல்களை அளித்தனர்; 361 இனங்கள் பதிவாயின. விருப்பம் போல் செல்வோரை வேண்டிய இடத்துக்குச் செல்லச் செய்தமை அக்குழுவின் பெருவெற்றி. நாடளாவிய இரண்டாம் அறிக்கை 2023இல் வந்தபோது பதிவுகள் மூன்று கோடியையும் பதிவர்கள் முப்பதாயிரத்தையும் கடந்திருந்தனர், இனங்கள் 942. அவற்றுள் 178 இனங்கள் உடனடி அக்கறைக்கு உரியவை என அது வகைப்படுத்தியது.

பேணலும் பெயரும்

ஹியூமின் தோல்கள் கடல் கடந்ததுபோல் இன்றைய பதிவுகளும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொறுப்பிலேயே உள்ளன என்று குறை கூறுதல் எளிது. ஆனால் வேறுபாடு உண்டு. ஆய்வுக்கு வேண்டுவோர் அத்தரவைக் கட்டணமின்றிப் படியெடுத்துக்கொள்ளலாம். படிகள் பலவிடத்தும் இருக்கும். உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்ந்துள்ளது. பறவைகளைப் பற்றி ஆர்வலர் 2000க்குப் பின் யாகூ குழுக்களில் நாள்தோறும் உரையாடினர். ஓர் இனத்தை ஏன் அவ்வாறு அடையாளங்கண்டனர் என்னும் வாதமெல்லாம் அங்குத்தான் நிகழ்ந்தது. 2020 டிசம்பரில் அச்சேவை முற்றிலும் நிறுத்தப்பட்டது. சேமித்துவைத்த பழைய செய்திகள் அதற்கு முன்பே நீக்கப்பட்டன. தனியார் படியெடுத்து வைத்தவை நீங்கலாக ஏனையவை மறைந்தன. சிம்லாக் கடைத்தெருவில் நிகழ்ந்தது ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததன்று. மாறாக, 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழ் அச்சில் இருந்தமையால் இன்று இணைய நூலகத்தில் எவரும் படிக்கத்தக்கதாக உள்ளது.

தமிழாய்வுக்கும் இப்பதிவுகளுக்கும் உள்ள தொடர்பு இதுவரை போதிய அளவு கருதப்படவில்லை. பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதியபோது, பறவையியல் நூல்களின் செய்திகளைப் பாடல்களோடு ஒப்பிட்டே முடிவுகளை அடைந்தார். அன்றில், மகன்றில் போல்வன எவை என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் தீர்ந்தபாடில்லை. எப்பறவை எந்நிலத்தில் எத்திங்களில் காணப்படுகிறது என்பதற்கு அவருக்குக் கிட்டிய சான்றுகளினும் பன்மடங்கு சான்று இன்று திறந்து கிடக்கிறது. அதனைக் கொண்டு அவர் முடிவுகளை மீளாய்வு செய்யும் பணி எஞ்சியுள்ளது.

அவ்வாய்வுக்கு வேண்டிய மற்றொன்றோ அத்தரவில் இல்லை. மருத்துவர் ஜெர்டான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணப் பறவைகளைத் தொகுத்தபோது தமிழ், தெலுங்குப் பெயர்களையும் கேட்டு எழுதினார். அவர் பெயர் தாங்கிய ஜெர்டான் கோர்சர் என்னும் இரவாடித் தரைப்பறவை 1900க்குப் பின் எவர் குறிப்பிலும் இடம்பெறவில்லை. 1986 சனவரியில் கடப்பை மாவட்டத்தின் ரெட்டிப்பள்ளி அருகே அது மீண்டும் அறியப்பட்டது. பம்பாய்க் கழகத்தார் தேடினர் எனினும் பறவையைப் பிடித்துத் தந்தவர் ஐத்தன்னா என்னும் உள்ளூர் வேட்டுவர். அறிவுலகுக்கு அற்றுப்போன அப்பறவைக்கு அவ்வூர் மக்களிடம் பெயர் இருந்தது: கலிவி கோடி, அதாவது களாப்புதர்க் கோழி. அது வாழும் இடம் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. இன்றைய இணையப் பட்டியலில் இடத்துக்கும் நேரத்துக்கும் எண்ணிக்கைக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. கண்ட ஊரில் அப்பறவைக்கு வழங்கும் பெயரை எழுதுவதற்கென ஒரு கட்டம் இல்லை; குறிப்புரைப் பகுதியில் அதனை எழுதத் தடையுமில்லை.